கட்டை விரல் விஷயமாகச் சம்பந்திக்கு

கரும்புக்கடை, கோவை
ஞாயிறு காலை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஜனாப் முகமது ரியாஸ் அவர்களின் சமூகத்திற்கு, அப்துல் நாசர் பணிவுடன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் யுஸ்ராவும் இங்கே சுகம். எனக்குச் சர்க்கரை மட்டும் நூற்றெண்பதில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. தாங்களும், வீட்டில் உள்ளவர்களும், மாப்பிள்ளை ரைஹானும், போத்தனூர் பாத்திரக் கடையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்துவருகிறேன். தங்களைச் சம்பந்தி என்று அழைக்கும் உரிமை இந்த நிமிடம் எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் நிச்சயத்தன்று என் வாயில் சர்க்கரையைப் போட்டு முதலில் சம்பந்தி என்று கூப்பிட்டது நீங்கள்தான். அந்தச் சர்க்கரையை நம்பித்தான் எழுதுகிறேன்.

வாட்ஸப்பில் நாலு வரி தட்டி அனுப்புகிறேன் என்றாள் யுஸ்ரா. வேண்டாம் என்றுவிட்டேன். வாட்ஸப்பால் வந்த வினை, அதற்கு வாட்ஸப்பிலேயே வைத்தியம் பார்க்க எனக்கு மனமில்லை. கடந்த செவ்வாய்க்கிழமை நீங்கள் போன் செய்து, "நாசர் பாய், ஒரு வீடியோ பார்த்தேனுங்க. கல்யாணத் தேதியைக் கொஞ்சம் தள்ளி வெச்சு யோசிக்கலாமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நாற்பது நொடி. அதற்குப் பிறகு ஐந்து நாளாகச் சத்தமே இல்லை. நீங்கள் அதிகம் பேசாதவர், பேசும்போதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுகிறவர், எந்தப் பாத்திரத்தையும் விரலால் தட்டிச் சத்தம் கேட்காமல் வாங்காதவர் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுத் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தட்டிப் பார்த்தீர்கள். அப்படிப்பட்ட மனிதர் என்னை மட்டும் தட்டிப் பார்க்காமலேயே கீழே வைத்துவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் வீடியோ. அதில் இருக்கும் ஆள் நான்தான், மறுக்கவில்லை. வெள்ளைத் தாடி வைத்த அறுபத்தேழு வயது மனிதன் ஒரு எவர்சில்வர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அரைவாசி குனிந்தபடி ஒரு வீட்டுச் சன்னலைத் தாண்டி ஓடுகிறான். உள்ளே கட்டிலில் பக்கவாதம் வந்த ஒருவர் படுத்திருக்கிறார். ஓடுகிறவன் அவரைப் பார்த்துக் கட்டை விரலை ஆட்டுகிறான். திரும்ப வந்து, நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்துத் திருகிக் காட்டுகிறான். மறுபடி வந்து இரண்டு கட்டை விரலையும் ஒன்றாக ஆட்டுகிறான். அதோடு வீடியோ முடிகிறது. அடியில், "சூலூரில் முடியாமல் கிடப்பவரைக் கேலி செய்யும் பெரியவர். மனிதாபிமானம் எங்கே? பார்த்தவுடன் பகிரவும்" என்று எழுதியிருக்கிறது. உங்கள் மச்சினர் ஆசிப் பார்த்தவுடன் பகிர்ந்திருக்கிறார். அவர் பேரில் எனக்கு வருத்தம் இல்லை, பகிரவும் என்று போட்டிருந்தால் மனிதர் வேறு என்ன செய்வார். அந்தத் தட்டு உங்கள் கடைச் சரக்கு இல்லை என்பதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விளிம்பு ரொம்ப மெலிசு.

நான் டிரைவராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். என்ன ஓட்டினேன் என்பதை நிச்சயத்தன்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காந்திபுரத்திலிருந்து சூலூருக்குப் போகும் தனியார் பஸ்ஸை இருபத்துமூன்று வருஷம் ஓட்டினேன். பச்சை வண்டி. அதே ரூட்டில் மஞ்சள் வண்டி ஒன்று ஓடியது. அதை ஓட்டியவர் சூலூர் நஞ்சுண்டன். நான் சூலூர் போகும்போது அவர் காந்திபுரம் வருவார், நான் காந்திபுரம் வரும்போது அவர் சூலூர் போவார். ஒண்டிப்புதூருக்கும் சிங்காநல்லூருக்கும் நடுவே எங்கேயாவது இரண்டு வண்டியும் எதிரெதிரே தாண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு நொடி. பத்தொன்பது வருஷம் நாங்கள் பழகிய பழக்கம் முழுவதும் அந்த இரண்டு நொடிக்குள்தான். ஒரு நாள்கூட ஒரு வார்த்தை பேசினதில்லை, ஒரு டீ சேர்ந்து குடித்ததில்லை. காட்டிக்கொண்டது மட்டும்தான்.

ஆரம்பித்தது அவர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி மாசம், காற்று அடித்துத் தூக்கிய ஒரு காலை நேரம். முந்தின நடை பிந்தியதால் அன்று அவரும் சூலூரிலேயே நின்றிருந்தார், என் டைமிங்குக்கு இரண்டு நிமிடம் முன்னால் மஞ்சள் வண்டியைக் கிளப்பி, சிங்காநல்லூர் வரைக்கும் வழியில் நின்ற சனத்தையெல்லாம் வழித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பின்னால் நான் காலி சீட்டுகளோடு போய்ச் சேர்ந்தேன். அடுத்த நடையில் எதிரே வந்தபோது ஒரு வார்த்தை திட்டலாம் என்று தலையை வெளியே நீட்டினேன். அவர் சாவகாசமாகச் சன்னல் வழியே கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்தி இடதும் வலதுமாக நாலு ஆட்டு ஆட்டினார். கிடைச்சுதா, பெப்பே என்று அதற்கு அர்த்தம். என் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று சாயங்காலம் அவருடைய டைமிங்கை நான் அடித்தேன், இரண்டு கட்டை விரலையும் காட்டினேன், ஸ்டியரிங்கை விட்டதற்காக என் கண்டக்டர் திருமலைசாமியிடம் திட்டும் வாங்கினேன்.

இந்தத் திருமலைசாமி சாதாரண ஆள் இல்லை. டிக்கெட் கிழிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் ஆராய்ச்சி. ஒவ்வொரு கைச்சாடையும் எங்கே பிறந்தது, யார் பெற்றது என்று சொல்லுவார். கட்டை விரல் சாடை கைநாட்டிலிருந்து வந்ததாம். "அந்தக் காலத்துல படிக்காத சனம் பத்திரத்துல கட்டை விரலை உருட்டிப்போட்டுதுன்னா காடு கரையெல்லாம் போச்சுங்க பாய். அதனாலதான் எதிராளிகிட்ட கட்டை விரலைக் காட்டறது. உன்றது பூராப் போச்சுடோய்னு அர்த்தமுங்க" என்பார். பொட்டுக்குப் பக்கத்தில் விரலைத் திருகுவது கோயமுத்தூர்ப் பட்டறைகளில் பிறந்தது, மோட்டாரும் பம்பும் செய்கிற ஊரில் அல்லாமல் மரை கழன்ற கதை வேறு எந்த ஊரில் பிறக்கும் என்பார். ஐந்து விரலையும் விரித்து முகத்துக்கு நேரே நீட்டுவது அறையப்போன கையாம், தூரம் அதிகமாக இருந்ததால் பாதி வழியில் நின்றுபோனதாம். இதெல்லாம் நிசமா பொய்யா எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்ட பிறகு காட்டுவதில் ஒரு நிறைவு இருந்தது.

இவற்றையெல்லாம் விட மோசமான ஒன்றும் உண்டு. கல்யாணம் பேசும் இடத்தில் அதை எழுத முடியாது. அதை நான் ஒரே ஒரு தடவை காட்டினேன், அன்று பார்த்து முன் சீட்டில் ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார், வண்டி முதலாளி என்னை மூன்று நாள் வீட்டில் உட்கார வைத்துவிட்டார். நடுவிரல் சமாசாரம் எங்கள் காலத்தில் கிடையாது. பிற்பாடு காலேஜ் பிள்ளைகள் கொண்டுவந்தது. முதன்முதலாக ஒரு பையன் பைக்கில் போய்க்கொண்டே அதை எனக்குக் காட்டியபோது, விரலில் அடி பட்டிருக்கிறது போல என்று இரக்கப்பட்டு வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருமலைசாமி கீழே இறங்கிவிட்டார். அந்தப் பையன் பயந்துபோய்ப் பறந்தான்.

சம்பந்தி, நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் அந்த வருஷங்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. இரண்டு பஸ்ஸிலும் தினமும் வருகிறவர்களுக்கு இது ஒரு வேடிக்கையாகிவிட்டது. மில்லுக்குப் போகிற பெண்கள் வலப்பக்கச் சீட்டுக்குப் போட்டி போட்டார்கள். "இன்னிக்கு என்னங்க காட்டப் போறீங்க?" என்று ஏறும்போதே கேட்பார்கள். வீட்டுக்குப் போனால் என் நஃபீசா சோற்றைப் போட்டுக்கொண்டே, "என்னங்க, மஞ்ச வண்டிக்காரரு இன்னிக்கு என்ன காட்டுனாரு?" என்பாள். நான் காட்டிக் காட்டுவேன். "நீங்க திருப்பி என்ன காட்டுனீங்க?" என்பாள். அதையும் காட்டுவேன். யுஸ்ரா அப்போது சின்னப் பிள்ளை, அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காட்டுவேன். விரலிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று போன வாரம்தான் சொன்னாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் நஃபீசா மௌத்தானாள். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், மதியம் இல்லை. பன்னிரண்டாம் நாள் நான் வண்டிக்குத் திரும்பினேன். முதல் நடை. ஒண்டிப்புதூரைத் தாண்டும்போது தூரத்தில் மஞ்சள் வண்டி வருவது தெரிந்தது. என்ன காட்டப் போகிறாரோ என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். திருப்பிக் காட்ட என் கையில் சீவன் இல்லை. நஞ்சுண்டன் வண்டியை மெதுவாக்கினார். பின்னால் ஆரன் அடித்தவனை அவர் சட்டை செய்யவில்லை. என்னை நேரே பார்த்து, வலது கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். அவ்வளவுதான், இரண்டு நொடி. நான் சிங்காநல்லூர் ஸ்டாப்பில் நிறுத்தாமல் போய்விட்டேன். இறங்க வேண்டியவர்கள் சத்தம் போட்டார்கள். திருமலைசாமி அவர்களிடம், "கொஞ்சம் பேசாம இருங்க, டிரைவர் அழுகறாருங்க" என்றார்.

மறுநாள் எனக்கு அதைவிடப் பயம். இனி ஆயுசுக்கும் இந்த மனிதர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே எதிரே வருவாரோ, மற்றவர்களைப் போல இவரும் என்னைப் பாவமே என்று பார்க்கத் தொடங்கிவிட்டாரோ என்ற பயம். மஞ்சள் வண்டி வந்தது. நஞ்சுண்டன் கட்டை விரலை நீட்டி வழக்கத்துக்கு மேலாக எட்டு ஆட்டு ஆட்டினார். நான் பழையபடி மனிதனானது அந்த இடத்தில்தான். ஆறுதல் சொல்ல நூறு பேர் வந்தார்கள், அவர்கள் எல்லாருக்கும் நான் நன்றி உள்ளவன். ஆனால் என்னைத் திரும்பவும் வண்டி ஓட்ட வைத்தது அந்த எட்டு ஆட்டுதான்.

பதினாறில் நான் ஓய்வு பெற்றேன். கடைசி நாளன்று வண்டியை நடுரோட்டில் நிறுத்தி இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். மஞ்சள் வண்டியை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு வந்தார். நஞ்சுண்டன் பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு லீவாம். ஆறு நடையும் ஏமாந்தேன். பிறகு சூலூருக்குத் தேடிப் போகலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். போய் என்ன பேசுவது? நாங்கள் பேசிப் பழகினவர்களா? அப்படியே எட்டு வருஷம் ஓடிவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு போன். "ஏனுங்க, பச்சை வண்டி டிரைவர் தாத்தாங்களா?" என்று ஒரு பெண் குரல். நஞ்சுண்டனின் பேத்தி அக்ஷயா. சரவணம்பட்டிக் கல்லூரியில் படிக்கிறவள். தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆகிறதாம். வலது கை விழுந்துவிட்டது. பயிற்சி செய்தால் கை திரும்ப வரும் என்று டாக்டர் சொல்கிறார், அவர் செய்ய மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார், யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது அவள் ஆத்தா, நஞ்சுண்டனின் சம்சாரம் சுப்பாத்தாளுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. தினமும் சாயங்காலம் அந்த வீட்டிலும் ஒரு கேள்வி இருந்திருக்கிறது சம்பந்தி. "ஏனுங்க, இன்னைக்குப் பச்ச வண்டிக்காரரு என்னத்தக் காட்டுனாரு?" என்று அந்த அம்மாவும் சோறு போடும்போது கேட்பாராம். இதைக் கேட்டபோது நான் போனைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது சூலூரில் குடியிருக்கும் திருமலைசாமியிடம் என் நம்பரை வாங்கிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மறுநாளே ஒரு பை சாத்துக்குடியோடு போனேன். சுப்பாத்தாளம்மா வாசலுக்கு வந்து, "வாங்க, வாங்க. ஊடு கண்டுபிடிக்கச் செரமமா இருந்துதுங்களா?" என்றார். உள்ளே போனால் கட்டிலில் ஒரு குள்ளமான மனிதர் படுத்திருக்கிறார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. நஞ்சுண்டனை நான் ஆறடி ஆள் என்று நினைத்திருந்தேன், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் எல்லாரும் ஒரே உயரம்தானே. அவருக்கும் என்னைத் தெரியவில்லை. "பச்ச வண்டிக்காரருங்க அப்பா" என்று மகன் மோகன்குமார் காதருகே சொன்னார். நஞ்சுண்டன் என்னை ஒரு தடவை பார்த்தார், யாரோ பாய் வந்திருக்கிறார் என்பதற்கு மேல் அந்தக் கண்ணில் ஒன்றுமில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு சங்கடத்தோடு கட்டை விரலை லேசாகக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. சாத்துக்குடியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

அப்போது அந்த அம்மாதான் சொன்னார். "எதுக்குங்க இத்தன கிட்டக்க நிக்கறீங்க? சன்னலுக்கு அந்தப்பக்கம் போய்ப் பாருங்க. அவரு உங்களச் சன்னல் வழியாத்தானுங்க பாத்திருக்காரு." உண்மைதான். கண்ணாடிக்குப் பின்னால், உட்கார்ந்தபடி, தாண்டிப் போகிற ஆளாகத்தான் அவருக்கு என்னைத் தெரியும். வெளியே போனேன். ஒரு தடவை சன்னலைத் தாண்டி நடந்தேன். பிரயோசனமில்லை, சன்னல் அவருக்கு இடப்பக்கம் இருந்தது. எதிர்வண்டி எப்போதும் வலப்பக்கம்தானே வரும்? நானும் மோகன்குமாரும் சேர்ந்து கட்டிலைத் தூக்கித் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போட்டோம். பிறகு நின்றபடி போனால் உயரம் சரியில்லை என்று முழங்காலை மடக்கினேன். கையில் ஸ்டியரிங் இல்லாமல் என் கை எங்கே நிற்பதென்று எனக்கே தெரியவில்லை, அதனால் சமையலறையிலிருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டேன். டாக்டருக்குக் காட்டலாம் என்று மோகன்குமார் செல்போனை எடுத்தார். பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் காம்பவுண்டு மேல் எட்டிப் பார்த்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பிஸ்மி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

முதல் நடையில் கட்டை விரலைக் காட்டினேன். அவர் கண் என்னோடு கூடவே நகர்ந்தது. இரண்டாவது நடையில் மரை கழன்றதைக் காட்டினேன். அவர் நெற்றி சுருங்கியது, அந்தச் சுருக்கம் எனக்குத் தெரிந்த சுருக்கம். மூன்றாவது நடையில் இரண்டு கட்டை விரலையும் காட்டினேன். ஸ்டியரிங் கை நழுவிக் கீழே விழுந்து ணங்கென்று சத்தம் போட்டுக்கொண்டு உருண்டு ஓடியது. உங்களுக்கு வந்த வீடியோ இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது சம்பந்தி. முழுசாக அது இரண்டே முக்கால் நிமிடம். யாரோ புண்ணியவான் முன்னால் இருக்கிற இருபது நொடியை மட்டும் வெட்டி எடுத்து ஊருக்கு விட்டிருக்கிறான். மீதியில் என்ன இருக்கிறது என்றால், போர்வை மேல் ஆறு வாரமாகக் கிடந்த வலது கை இருக்கிறது. அதில் கட்டை விரல் மட்டும் நடுங்கிக்கொண்டே எழுந்து நிற்கிறது. ஆடவில்லை, ஆட்ட முடியவில்லை. நிற்கிறது. பிறகு நஞ்சுண்டன் என்னைப் பார்த்து வாயைக் கோணலாகத் திறந்து, ஆறு வாரத்தில் முதல் வார்த்தையாக, "லேட்டு" என்றார்.

சுப்பாத்தாளம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் சொன்னது சரிதான், எட்டு வருஷம் லேட்டு. அன்றிலிருந்து திங்களும் வியாழனும் சூலூருக்குப் போகிறேன். முதல் நடை போவேன், அவர் விரலைத் தூக்குவார், கையைத் தூக்கச் சொல்லி நான் மரையைக் காட்டுவேன், கோபத்தில் கொஞ்சம் தூக்குவார். டம்ளரை வாய் வரைக்கும் கொண்டுபோகிற அளவுக்கு வந்திருக்கிறது. கட்டை விரலை மட்டும் இன்னும் ஆட்ட முடியவில்லை. அதை ஆட்டிவிட்டால் கை பிழைத்துவிட்டது என்று அர்த்தம், டாக்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறார்.

இதுதான் நடந்தது. இதில் பாதிக்கு மேல் ஒரு பெண்ணைப் பெற்றவன் தன் சம்பந்திக்கு எழுதக் கூடாத சங்கதி என்று எனக்குத் தெரியும். உங்கள் குடும்பம் கௌரவமான குடும்பம். நடுரோட்டில் விரல் ஆட்டிப் பிழைத்தவன் வீட்டில் பெண் எடுக்கிறார்கள் என்ற பேச்சு உங்களுக்கு வேண்டாம்தான். ஆனால் என் பெண் ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. போன் அடித்தால் எடுப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்கிறாள். நேற்று நான், இனி சூலூர் போகவில்லை அம்மணி என்றேன். "போறதை நிறுத்தாதீங்க அத்தா. அதுக்காக நிக்கிற கல்யாணம்னா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரைஹானை அவளுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது அந்தக் கதவு சாத்திய விதத்தில் எனக்குத் தெரிந்தது. அவள் சொன்னதை உங்களுக்கு எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஆகவே சம்பந்தி, உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். நான் செய்த அத்தனைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் கட்டை விரல், மரை, உள்ளங்கை எதையும் பொது இடத்தில் காட்ட மாட்டேன். நிக்காஹ் அன்று முழுக்க வலது கையை ஜிப்பாப் பைக்குள் வைத்திருப்பேன், சலாம் சொல்லவும் பிரியாணி சாப்பிடவும் மட்டும் வெளியே எடுப்பேன். சூலூர் போவது உங்களுக்கு இடறலாக இருந்தால், ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதையும் நிறுத்திவிடுகிறேன். இந்த வரியை எழுதும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. நஃபீசா இருந்திருந்தால் எழுத விட்டிருக்க மாட்டாள். ஆனால் அவள் இருந்திருந்தால் பெண்ணின் கண்ணீரையும் அவளே பார்த்துக்கொண்டிருப்பாள், இப்போது நான் ஒருவன்தான் இரண்டுக்கும் இருக்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாமும் சின்னவர்களுக்கு என் துஆவும் சொல்லவும். மாப்பிள்ளைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் தொழிலில் நல்ல பரக்கத்தையும் கொடுப்பானாக. ஆசிப்புக்கும் சலாம். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் நல்ல பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அப்துல் நாசர்

பின்குறிப்பு: உறையை ஒட்டி ஸ்டாம்பும் ஒட்டிய பிறகு திரும்பக் கிழித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் அக்ஷயா போன் செய்தாள். "தாத்தா, நேத்துச் சாயங்காலம் போத்தனூர்ல இருந்து ஒருத்தர் அந்த வீடியோவைக் காட்டி ஊடு விசாரிச்சுட்டு வந்திருந்தாருங்க. பாத்திரக் கடை வெச்சிருக்கறாராமுங்க. கையைப் பின்னால கட்டீட்டே நின்னாரு" என்றாள். அரை மணி நேரம் கட்டில் பக்கத்தில் இருந்தீர்களாம். முழு வீடியோவையும் போட்டுக் காட்டச் சொல்லி இரண்டு தடவை பார்த்தீர்களாம். அந்தத் தட்டைக் கொண்டுவரச் சொல்லித் தட்டிப் பார்த்து, "மெலிசா இருக்குதுங்களே" என்றீர்களாம். கிளம்பும்போது நஞ்சுண்டன் உங்களைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கி ஆட்டினாராம். ஆட்டினாராம் சம்பந்தி! மூன்று வாரமாகச் சன்னலோரம் தேய்ந்துகொண்டிருக்கும் எனக்கு ஆட்டாத விரலை உங்களுக்கு ஆட்டியிருக்கிறார். இந்த வயிற்றெரிச்சலை நான் எங்கே போய்ச் சொல்வது? அதற்குமேல் நடந்ததுதான் இந்த உறையைக் கிழிக்க வைத்தது. நீங்கள் வாசற்படியில் நின்று இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்த்தீர்களாம். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் இருந்து வலது கையை எடுத்து, கட்டை விரலை நிமிர்த்தி, நஞ்சுண்டனுக்குத் திருப்பி ஆட்டினீர்களாம். அக்ஷயா அடுப்படிக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள்.

எனவே மேலே கேட்ட மன்னிப்பு அனைத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஜிப்பாப் பை, சூலூர் போவதை நிறுத்துவது, எல்லாமே வாபஸ். யுஸ்ராவிடம் சொல்லிவிட்டேன், அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். தேதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், நஞ்சுண்டன் முன் வரிசையில், மேடைக்கு வலப்பக்கமாக உட்காருவார். ஒரு விஷயம் மட்டும் உங்களிடம் சொல்லச் சொன்னாராம். ஆட்டும்போது உங்களுக்கு மணிக்கட்டும் சேர்ந்து ஆடுகிறதாம், விரல் மட்டும்தான் ஆட வேண்டுமாம். வியாழக்கிழமை பத்து மணிப் பஸ்ஸில் நான் போகிறேன். சிங்காநல்லூரில் ஏறிக்கொண்டால் வழியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்.